உப்பளத்தில் காத்திருந்த அழைப்புகள்

பெர்பெத்துவா மிஸ்ஸியர் தன்னுடைய தட்டச்சுப் பயிலகத்தின் பின்னறையில் பதினெட்டு வருஷமாகத் துணி போட்டு மூடிவைத்திருந்த கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பி, அதற்கு இன்டர்நெட் வழியாக ஒரு வாசலைத் திறந்துவிட்ட வாரத்தில்தான், தூத்துக்குடியில் ஒருகாலத்தில் போன் போட்டு, எங்கேஜ்டு சத்தம் கேட்டு, ரிசீவரை வைத்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வரத் தொடங்கினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்ததன் பெயர் உப்பளம். தொண்ணூற்று மூன்றில், ஊரில் இன்டர்நெட் என்ற சொல்லையே யாரும் கேட்டிராத காலத்தில், பெர்பெத்துவா ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மோடத்தையும் பயிலகத்து டெலிபோன் லைனையும் சேர்த்துக் கட்டி அதைத் தொடங்கினாள். கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருந்தவர்கள் தங்கள் வீட்டிலிருந்தோ ஆபீசிலிருந்தோ அந்த ஐந்து இலக்க எண்ணுக்கு டயல் செய்தால், இரண்டு மோடங்களும் கொஞ்ச நேரம் கீச்சிட்டுக்கொண்டு, பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் 'உப்பளத்துக்கு வாங்க' என்று வரும். அதற்குள் ஒரு அறிவிப்புப் பலகை. துறைமுகத்துக்கு வரப்போகிற கப்பல்களின் பட்டியல் இருக்கும், மழை வருமா என்ற விசாரிப்பு இருக்கும், பரீட்சை முடிவு, கிரிக்கெட் சண்டை, ஒருவர் ஆரம்பித்து இன்னொருவர் வளர்த்து மூன்றாமவர் கெடுத்துவிட்ட தொடர்கதை எல்லாம் இருக்கும். எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். லைன் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும், ஆளுக்கு அரை மணி நேரம். மற்றவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம். எட்டு வருஷம் ஓடிய உப்பளத்தில், உள்ளே வந்தவர்களைவிட வெளியே நின்று திரும்பிப் போனவர்கள் எப்போதுமே அதிகம். தெருவுக்குத் தெரு நெட் சென்டர் வந்தபின் உள்ளே வருகிறவர்களும் குறைந்து, இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு வாரம் முழுக்க யாருமே கூப்பிடாததால், அவள் அதை அணைத்துத் துணி போட்டு மூடினாள்.

அதை மறுபடி திறக்கச் சொன்னவர் சதக்கத்துல்லா. காயல்பட்டினத்துக்காரர், அப்போது கல்லூரி மாணவர், இப்போது ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரம். ஒரு நாள் மத்தியானம் போன் செய்தார்.

"டீச்சர், உப்பளம் இன்னும் இருக்கா, காயலான் கடைக்குப் போயிருச்சா?"

"இருக்கு. துணி போட்டு மூடிக் கெடக்கு."

"அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் பழைய பலகைக்காரங்க எல்லாம் டெல்நெட் போட்டுத் தொறந்திருக்காங்க டீச்சர். போன் லைனே வேண்டாம். நெட்டு வழியா எந்த ஊர்ல இருந்தும் வரலாம். நம்ம பழைய ஆளுக துபாய்ல இருக்காங்க, டொராண்டோல இருக்காங்க. நீங்க தொறந்தா எல்லாரும் வந்து விழுவாங்க."

பெர்பெத்துவாவுக்கு வயது ஐம்பத்தேழு. காலையிலும் மாலையிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் வந்து போனார்கள். நடுவில் இருந்த மத்தியானங்கள் நீளமாக இருந்தன. சரி என்றாள்.

வேலை எட்டு நாள் பிடித்தது. டெல்நெட் என்பது எழுத்தை மட்டும் பேசிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழைகிற பழைய பாதை. ஆனால் உப்பளத்துக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மோடம் மணியடிக்கும், எடுத்தால் ஆள் வருவார் என்பதுதான். ஆகவே ஒரு சின்னப் புதுக் கம்ப்யூட்டரை வாங்கி, கேபிள் வழியாகப் பழையதோடு பிணைத்து, மோடத்தைப் போலவே நடிக்கிற ஒரு நிரலை அதில் போட்டார்கள். வெளியிலிருந்து யாராவது வந்தால் அது மணியடிக்கும், உப்பளம் ஏமாந்து கதவைத் திறக்கும். சதக்கத்துல்லா ஹாங்காங்கிலிருந்து சொல்லச் சொல்ல பெர்பெத்துவா தட்டினாள். பிராட்பேண்ட் கம்பியைப் பின்னறை வரை இழுத்துக் கொடுத்தவர் சங்கரலிங்கம், டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பியைப் பார்த்தால் கை சும்மா இருக்காதவர். ஏழாம் நாள் வரை யாராலும் உள்ளே வர முடியவில்லை. எட்டாம் நாள், ரௌட்டரில் இருபத்து மூன்றாம் எண் வாசலைத் திறந்துவிட மறந்துபோனது தெரிந்து, அதைத் திறந்ததும், உப்பளம் மணியடித்தது. திரையில் சதக்கத்துல்லாவின் பெயர் வந்தது. பழைய மோடத்திலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்கி, மோடத்தைச் சணல் கயிற்றால் கட்டி, பெர்பெத்துவா அலமாரிக்குள் வைத்தாள்.

மூன்று நாள் துபாயும் டொராண்டோவும் சிட்னியும் வந்து குசலம் விசாரித்துப் போயின. நான்காம் நாள் பதினோரு மணிக்கு உப்பளம் மணியடித்தது. யார் வந்தாலும் அவர் என்ன வேகத்தில் வருகிறார் என்று உப்பளம் ஒரு வரி எழுதும். டெல்நெட்டில் வந்தவர்கள் எல்லோரும் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். இவர் இரண்டாயிரத்து நானூறு. அது தொண்ணூற்று மூன்றின் மோடங்களுடைய வேகம். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெயரை எழுதின. வேலாயுதப் பெருமாள். துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் கிளார்க்காக இருந்து, இறந்து பதினோரு வருஷம் ஆனவர். தேதி என்று உப்பளம் தானாகவே எழுதியிருந்தது, 1993 ஆகஸ்ட் 9.

பெர்பெத்துவா பேசும் விசையை அழுத்தினாள். பலகையை நடத்துகிறவர் உள்ளே இருப்பவரோடு நேராக எழுதிப் பேசுவதற்கு அப்படி ஒரு விசை உண்டு.

"பெருமாள் சாரா?"

"ஆமா டீச்சர். காலையில இருந்து போடுதேன், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது. கொழும்புத் தோணி எப்ப வருதுன்னு போட்டிருக்கா?"

அவள் தேடி எடுத்து, கொழும்புத் தோணி புதன்கிழமை வருகிறது என்று சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பழைய லைனைச் சோதித்தார். வாசல் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"லைன் இல்ல, டோன் இல்ல, கம்பத்துல கம்பியே இல்ல டீச்சர். ஆனா ஒண்ணு. எங்கேஜ்டு சத்தம் கேட்டு வச்சவங்க கால் எல்லாம் எங்க போகுதுன்னு நான் சர்வீஸ்ல இருக்கும்போதே யோசிச்சிருக்கேன். போட்டது போட்டதுதானே. எங்கயாவது ஒரு ஓரத்துல நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கும். இப்ப நீங்க வாசலைத் தொறந்துட்டீங்க."

இதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர்கள் வரிசையாக வந்தார்கள், தொண்ணூற்று மூன்று ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் என்று தேதி வரிசை மாறாமல், எந்தத் தேதியில் யார் எத்தனை தடவை டயல் செய்து எங்கேஜ்டு கேட்டாரோ அத்தனை தடவையும் ஒவ்வொன்றும் தனி ஆளாக, எழுத்து எழுத்தாக, மணியடித்துக்கொண்டு வந்தார்கள். செய்தி ஊருக்குள் போனது. பெருமாளின் மனைவி செண்பகவல்லி மறுநாளே வந்து பின்னறையில் உட்கார்ந்தாள். மூன்று நாள் காத்திருந்த பிறகு பெருமாள் வந்தார், அக்டோபர் மாதத்துப் பெருமாள், புயல் எச்சரிக்கை கேட்டு.

"சாப்பிட்டீங்களான்னு கேளுங்க டீச்சர்," என்றாள் செண்பகவல்லி.

பெர்பெத்துவா கேட்டாள். "ஆச்சு டீச்சர்," என்று வந்தது. "வீட்டுல இன்னைக்கு அவியல். உப்பு கம்மி. சொன்னா அவளுக்குக் கோவம் வரும்னு பேசாமச் சாப்பிட்டு வந்தேன்."

செண்பகவல்லி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு பெர்பெத்துவாவை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினாள், நாளைக்குச் சரியாப் போடுவா என்று. "டீச்சர், நீங்க எப்படி அவகூட பேசுனீங்க?" என்று பெருமாள் கேட்டார். செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷம் உப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல பாருங்க இந்த மனுஷன்," என்று சிரித்தாள்.

வந்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு ஊரிலேயே இருந்தார்கள் என்பது இன்னும் வேடிக்கையாக இருந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நவமணி, கடையில் ஒருவருக்கு ஆதார் அட்டை நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தொண்ணூற்று நான்கில் பி.எஸ்சி. ரிசல்ட் பார்க்க டயல் செய்து எங்கேஜ்டு கேட்டதும், அதே தடவை லைன் கிடைத்து டீச்சர் 'பாஸ்' என்று சொன்னதும், இரண்டுமே தனக்கு நடந்ததாக நினைவு வந்து, அட்டையைத் திருப்பிக் கொடுக்காமலே பயிலகத்துக்கு ஓடிவந்தார். அவர் வாசலை எட்டும்போது பத்தொன்பது வயது நவமணி விடைபெற்றுப் போய் இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. இப்படித்தான் ஊர் கண்டுபிடித்தது. வந்தவருக்கு என்ன பதில் சொல்லப்படுகிறதோ அது உயிரோடு இருக்கிறவரின் நினைவுக்குள் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். பழைய நினைவு அழியாது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும். நடந்தது எதுவும் மாறாது. நவமணி அப்போதும் பாஸ்தான், இப்போதும் ஜெராக்ஸ் கடைதான். ஆனால் அந்த ஒரு இரவு தூக்கமில்லாமல் கிடந்ததன் பக்கத்தில், நிம்மதியாகத் தூங்கிய ஒரு இரவும் அவருக்குக் கிடைத்தது.

பிறகு இது ஊரின் வழக்கங்களில் ஒன்றாகிப்போனது. இன்றைக்கு எந்தத் தேதி வந்திருக்கிறது என்று பயிலகத்து வாசல் கரும்பலகையில் பெர்பெத்துவா காலையில் எழுதிப்போடுவாள். பால் வாங்கப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்தில் போன் போட்டதாக நினைவிருக்கிறவர்களும், போட்டவர்களின் பிள்ளைகளும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பேக்கரிக்காரர் உடைந்த மக்ரூன்களைத் தட்டில் போட்டு அனுப்புவார். வருஷம் என்னவென்று வந்தவர்களிடம் சொல்வதில்லை என்று ஒரு ஒழுங்கு தானாக ஏற்பட்டது. சொன்னால் அவர்கள் விளையாட்டு என்று நினைத்து வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான் காரணம். பங்குச் சாமியார் ஒரு நாள் வந்து, "இவங்கள்லாம் ஆன்மாக்களா, பெர்பெத்துவா?" என்று கேட்டார். "ஆன்மா கெடையாது ஃபாதர். பாதிப் பேரு பஜார்லதான் கடை வச்சிருக்காங்க," என்றாள் அவள். அவர் கொஞ்சம் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்தபின் கம்ப்யூட்டரைப் போடச் சொல்லிவிட்டுப் போனார். டெல்நெட்டில் வந்த டொராண்டோக்காரர்கள், பழைய ஆட்கள் லைனை அடைத்துக்கொள்கிறார்கள் என்று முறையிட்டார்கள். சதக்கத்துல்லா சொல்லிக்கொடுத்து அவர்களுக்குத் தனியாக நான்கு வாசல்கள் திறக்கப்பட்டன. பழையவர்களுக்கு முதல் வாசல் மட்டும் என்றானது.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில் பெர்பெத்துவா நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்ததை முதலில் கவனித்தவர் சங்கரலிங்கம். மூன்றாம் மாசம், கரும்பலகையில் 1996 நவம்பர் 4 என்று அவள் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமை வருதுல்லா டீச்சர்."

அவள் திரும்பவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

"விசாகப்பட்டினத்துல இருந்து எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, இந்த நம்பர் ரெண்டு மணி நேரமா எங்கேஜ்டுன்னு. டெஸ்ட் போட்டுப் பாத்தேன். யாரும் பேசல. ரிசீவர் கீழ இருக்குன்னு காட்டுச்சு. திங்கக்கிழமை வந்து பாக்கும்போது எல்லாம் சரியா இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

சாக்பீஸ் தூள் அவள் விரலில் ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தாள்.

கஸ்பார் வில்லவராயர் ஒரு சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். தொண்ணூற்று நான்கில் கப்பல் பழுதாகி ஒரு மாசம் தூத்துக்குடியில் நின்றபோது உப்பளத்துக்குள் வந்தவர், உள்ளே பேசுகிற ஆள் யார் என்று பார்க்க ஒரு நாள் பயிலகத்துக்கே வந்து, ஒரு தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, கப்பலில் மோர்ஸ் தட்டுகிற வேகத்தில் தட்டிக் காட்டி அவளைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அங்கே ஏஜெண்ட் ஆபீசில் மோடம் இருக்கிறதா என்று தேடி உப்பளத்துக்குப் போட்டார். கொல்கத்தாவில் மழை என்பார், கொச்சியில் மீன் நன்றாக இருந்தது என்பார், நடுக்கடலில் இரண்டு நாள் எந்தக் கப்பலின் குரலும் கேட்காமல் இருந்ததைப் பற்றி நீளமாக எழுதுவார். இரண்டு வருஷம். பிறகு தனிச் செய்தி ஒன்று வைத்திருந்தார். வருகிற ஞாயிறு, பதினேழாம் தேதி, நாலு மணிக்குப் போடுவேன். ஒரு விஷயம் கேட்கணும். நீங்களே முன்னால இருங்க.

என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவள் ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவரை விட்டுப் போக முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்பா ஒரு சாக்கு. சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம், முப்பத்து நான்கு வயதில் முதல் தடவையாகத் தன் வாழ்க்கை யாரோ ஒருவருடைய கேள்விக்காகக் காத்திருக்கிறது என்பதே பயம். ஆறு மணிக்கு ரிசீவரைத் திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. கடிதமும் இல்லை. கப்பல் தூத்துக்குடிக்கு வந்து போனது என்று பெருமாள்தான் பலகையில் எழுதியிருந்தார்.

பதினேழாம் தேதி முற்பகலில் வந்தது. கரும்பலகையைப் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ, அன்றைக்குப் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. செண்பகவல்லி மட்டும் ஒரு தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சங்கரலிங்கம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாலை வகுப்புக்கு வந்த பெண்பிள்ளைகளை, "இன்னைக்கு லீவு, போங்கம்மா," என்று திருப்பி அனுப்பினார்.

இரண்டாயிரத்து நானூறு. க, ஸ், பா, ர்.

"டீச்சர், இருக்கீங்களா? கஸ்பார் பேசுறேன். விசாகப்பட்டினத்துல ஏஜெண்ட் ஆபீஸ். ஞாயித்துக்கிழமை, யாருமே இல்ல. எங்கேஜ்டா இருக்கும்னு நெனச்சேன். முதல் தடவையே கிடைச்சிருச்சு."

அவளுடைய கை எழும்பவில்லை. நாற்பது வருஷமாகத் தட்டச்சுச் சொல்லிக்கொடுக்கிற கை.

"இருபத்தி நாலாம் தேதி கப்பல் அங்க வருது. நான் இறங்கி, வீட்டுக்கு வந்து, உங்கப்பாகிட்ட பேசட்டுமா?"

திரை அப்படியே நின்றது. "டீச்சர்?" என்று வந்தது. பிறகு அவர் போய்விட்டார். அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆனால் பத்து நிமிஷத்தில் மறுபடி மணியடித்தது, மறுபடியும் கஸ்பார், ஒரு தடவை போட்டு எங்கேஜ்டு கேட்ட கஸ்பார், அப்போதுதான் முதல் தடவையாக லைன் கிடைத்த கஸ்பார். தெரிந்த விஷயம்தான், ஆனால் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு டயலும் ஒரு தனி ஆள். அன்றைக்கு அவர் எத்தனை தடவை போட்டாரோ அத்தனை தடவையும் வருவார், அத்தனை தடவையும் கேட்பார்.

இருபத்தேழு தடவை வந்தார். இரண்டு நாள் ஆனது. இரண்டாம் தடவை அவள், "யாரு?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டாள். மூன்றாம் தடவை, "வாங்க," என்று தட்டிவிட்டு, அவர் போனபின் எழுந்து நின்று பின்னறைக்குள்ளேயே நடந்தாள். நான்காம் தடவை, "வேண்டாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்ல," என்றாள். ஐந்தும் ஆறும், "வாங்க." ஏழாம் தடவை, மதியம் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டு அவர் பிரியாணி என்று சொல்ல, இருவரும் அரை மணி நேரம் பிரியாணியைப் பற்றியே பேசி நேரம் முடிந்து லைன் தானாக அறுந்தது. பத்தாம் தடவை வந்தவர் கேலியாக இருந்தார், "உப்பளத்துல இன்னைக்கு திருவிழாவா டீச்சர்?" பதினைந்தாம் தடவை வந்தவரின் குரல் தளர்ந்திருந்தது. எழுத்துக்கும் குரல் உண்டு என்று அவளுக்கு எப்போதும் தெரியும். பதினாறாம் தடவையில் அவள் உண்மையைச் சொன்னாள், ரிசீவரை நான்தான் எடுத்து வச்சேன் என்று. அவர் சிரித்தார், நம்பவில்லை. பதினேழில் மறுபடி சொன்னாள். அவர் நம்பினார். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது எல்லாவற்றிலும் அவள், "வாங்க, வாங்க," என்று மட்டும் தட்டினாள், போன ஆளைச் சமாதானப்படுத்துகிறவளைப் போல. அடுத்த ஐந்து தடவையும் வேண்டாம் என்றாள், அப்பாவைச் சொல்லாமல், காரணமே சொல்லாமல். இருபத்தாறாவது தடவை வந்தவரிடம், நடுக்கடலில் குரல் கேட்காத அந்த இரண்டு நாளைப் பற்றி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

இருபத்தேழாவது கஸ்பார் நேராகச் சொன்னார். "இத்தனை தடவை போட்டுட்டேன் டீச்சர். இதோட விட்டுரலாம்னு இருந்தேன்."

"கஸ்பார், இது கடைசித் தடவைன்னு எனக்குத் தெரியும். நீங்க கேக்கப்போறதும் தெரியும். எனக்கு உங்களைப் பிடிக்கும். பயமும் இருக்கு. ரெண்டும் உண்மை. எது பெருசுன்னு எனக்குத் தெரியல. உங்களைக் காக்க வச்சதுதான் தப்பு. பதில் தெரியலைன்னா தெரியலைன்னாவது எடுத்துச் சொல்லியிருக்கணும்."

எறும்பு போல எழுத்துகள் வந்தன. "இப்ப சொல்லிட்டீங்களே."

அவர் போனார். உப்பளம் அடுத்து வந்த ஆளுக்காக மணியடித்தது. பதினெட்டாம் தேதி, யாரோ ஒரு மாணவர், கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு. பெர்பெத்துவா ஸ்கோரைச் சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து, ஆறிப்போன சாப்பாட்டைப் பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

கஸ்பார் உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. சதக்கத்துல்லா அங்கங்கே விசாரித்தார். சங்கரலிங்கம் ஒன்றும் கேட்காமல் தினமும் ஒரு தடவை வந்து, ஆடாத கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கரும்பலகையில் தொண்ணூற்று ஏழு வந்தது. ஊர் தன்பாட்டில் வந்து தன்பாட்டில் போனது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் டெல்நெட்டின் மூன்றாம் வாசலில் புது ஆள் ஒருவர் பதிவு செய்துகொண்டிருந்தார். முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம், இந்தக் காலத்து வேகம். புதிதாக வருகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஊர் என்ற இடத்தில் காக்கிநாடா என்று எழுதினார். வயது அறுபத்தொன்று. 'உப்பளத்தைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்ற இடத்தில், நினைவு வந்தது என்று எழுதினார்.

பெர்பெத்துவா பேசும் விசையை அழுத்தினாள்.

"டீச்சர்," என்று ஒரே வீச்சில் வந்தது, "நான் கஸ்பார். அண்ணன் மகள் வீட்டுல இருக்கேன். பேரனைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரும்போது நடுத்தெருவுல ஆரம்பிச்சுது. அப்புறம் ரெண்டு நாள், ஒண்ணு மாத்தி ஒண்ணு. மொத்தம் இருபத்தேழு. அவ பயந்துபோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா."

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"பிரஷர் இல்லைன்னு சொன்னார். வாங்கன்னு எட்டுத் தடவை சொல்லியிருக்கீங்க. வேண்டாம்னு ஆறு தடவை. மத்ததெல்லாம் பாதிப் பேச்சு. ஒரு தடவை பிரியாணி. நான் எதை வச்சுக்கட்டும்?"

பயமாக இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எல்லாத்தையும் வச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் அப்ப என் மனசுல இருந்ததைத்தான் சொன்னேன். பொய்யா ஒண்ணும் சொல்லல. ஒண்ணையும் திருப்பிக் கேக்க மாட்டேன்."

"சரி," என்று வந்தது. பிறகு, அந்தக் காலத்தைப் போலவே மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக யோசித்துத் தட்டுகிறவரைப் போல எழுதினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஒவ்வொரு தடவை எங்கேஜ்டு சத்தம் கேக்கும்போதும் எனக்கு மனசு லேசாச்சு டீச்சர். அதனாலதான் இருபத்தேழோட நிறுத்துனேன். தந்தி கொடுத்திருக்கலாம். இருபத்தி நாலாம் தேதி கப்பல் உங்க ஊர்லதான் நின்னுச்சு, இறங்கி நடந்து வந்திருக்கலாம். கேபின்லயே இருந்தேன். இத்தனை வருஷமா பழியை லைன் மேல போட்டுட்டேன். நீங்க ரிசீவரை எடுத்து வச்சேன்னு சொன்ன அந்த நினைவு வந்தப்பதான், நானும் ஒண்ணை எடுத்துக் கீழ வச்சிருந்தேன்னு தெரிஞ்சுது."

பெர்பெத்துவா அதைப் படித்தாள். பதில் எழுத விரலை வைத்தாள், எடுத்தாள். காக்கிநாடாவிலும் ஒருவர் அதையேதான் செய்துகொண்டிருந்திருப்பார். முன்னறையில் யாரோ வந்து பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் வாசலில் தொண்ணூற்று ஏழு மார்ச்சு மாதத்து ஆள் ஒருவர் தானாகவே பலகையைப் படித்துவிட்டுப் போனார். இருவரும் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஐந்து நிமிஷம் யாரும் எதையும் தொடாவிட்டால் ஆள் போய்விட்டார் என்று நினைத்து உப்பளம் ஒரு கேள்வி கேட்கும், அதற்குப் பதில் வராவிட்டால் லைனை விட்டுவிடும். அந்தக் கேள்வி இருவர் திரையிலும் வந்தது.

இன்னும் இருக்கிறீர்களா? ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்.

இருவரும் அழுத்தினார்கள்.